சிசியை அளந்தார்கள், சாவியைத் தரவில்லை

ஜிஎஸ்டி மாற்றம் 2025 செப்டம்பர் 22 அன்று நடைமுறைக்கு வந்ததிலிருந்து நம் பட்டறைத் தோழர்கள் சில கேள்விகளையே திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். இனி எல்லாம் டர்போதானா? சூப்பர்சார்ஜர் படிப்பதில் பயன் உண்டா? பழைய வண்டிக்கு 'பவர் ஏத்தணும்' என்று வருகிறவருக்கு எதைப் பரிந்துரைப்பது? கேள்வி நேராக வந்துவிட்ட பிறகு இந்த இதழ் தன் நிலைப்பாட்டை நேராகச் சொல்லிவிட வேண்டும்.

புதிய வரியில் எல்லைக்கோடு பழையதுதான். நீளம் 4 மீட்டருக்குள், பெட்ரோல் என்றால் 1200 சிசிக்குள், டீசல் என்றால் 1500 சிசிக்குள். அதற்குள் அடங்கினால் 18 சதவீதம். ஒன்று மீறினாலும் 40. முன்பு 1200 சிசிக்குள் இருந்த சின்ன பெட்ரோல் காருக்கு செஸ் சேர்த்து 29, அதைத் தாண்டி 1500 சிசி வரையிலான காருக்கு 45. பதினாறாக இருந்த இடைவெளி இப்போது இருபத்திரண்டு. இந்தக் கோடு குதிரைத்திறனைப் பார்ப்பதில்லை, பூஸ்ட்டைப் பார்ப்பதில்லை; சிலிண்டரின் கொள்ளளவை மட்டும் பார்க்கிறது. ஆகவே வண்டி செய்பவர்கள் கொள்ளளவைக் கூட்டாமல் காற்றைக் கூட்டுகிறார்கள். வென்யூவில் 1.2 நேச்சுரல் எஞ்சின் 83 பிஎஸ். அதைவிடச் சிறிய 998 சிசி டர்போ 120 பிஎஸ். எக்ஸ்யூவி 3எக்ஸ்ஓவின் நேரடி இன்ஜெக்‌ஷன் டர்போ 1197 சிசியில் 131 பிஎஸ் தருகிறது. இரண்டும் 18 சதவீத வரிக்குள்.

அந்தக் காற்றைக் கூட்டும் வேலைக்கு சூப்பர்சார்ஜர் ஏன் வரவில்லை என்பதில் மர்மம் ஒன்றுமில்லை. பெல்ட் வழியாக கிராங்கிலிருந்து சக்தியை எடுத்துத்தான் அது காற்றை அழுத்துகிறது. பைபாஸ் வால்வு எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்தச் செலவு மைலேஜில் தெரியும். 2023 ஏப்ரல் முதல் சாலையில் ஓட்டிப் பார்த்தே புகையை அளக்கும் பிஎஸ் 6 இரண்டாம் கட்டத்தில் அது இன்னும் பாரம். மினி கூப்பர் எஸ், ஈட்டன் எம்45-ஐ விட்டு அடுத்த தலைமுறையில் டர்போவுக்குப் போனது. ஆடி 3.0 டிஎஃப்எஸ்ஐயும் அதே வழியில் போனது. 2005-இல் கோல்ஃப் ஜிடி 1.4-இல் ஃபோக்ஸ்வேகன் இரண்டையும் சேர்த்தே பொருத்தியது: கீழ் ஆர்பிஎம்மில் சூப்பர்சார்ஜர், 3500-க்கு மேல் டர்போ மட்டும். அவர்களே பிறகு சூப்பர்சார்ஜரைக் கழற்றிவிட்டு டர்போவோடு நின்றார்கள். ஆக்ஸிலரேட்டரை மிதித்த உடனே பூஸ்ட் என்பதுதான் சூப்பர்சார்ஜரின் தனிப் பெருமை. இன்றைய சின்ன டர்போ 1500 ஆர்பிஎம்மிலேயே முழு டார்க்கைத் தரும்போது அந்தப் பெருமைக்குக் காரில் பெரிய இடமில்லை. பழைய மெர்சிடிஸ் கம்ப்ரஸர் வண்டிகள் பட்டறைக்கு வரும்; கப்ளர் சத்தத்தையும் நோஸ் டிரைவ் ஆயிலையும் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். அதற்கு மேல் உங்கள் நேரமும் பணமும் டர்போ படிப்புக்கே போகட்டும்.

பூஸ்ட் கிட் கேட்டு வருபவருக்கு நம் பதில், இரண்டுமே வேண்டாம் என்பதுதான். இன்றைய 1.2 நேச்சுரல் எஞ்சின்களில் கம்ப்ரஷன் 11, 12 என்று நிற்கிறது. அதன் மேல் பூஸ்ட் ஏற்றினால் நாக்கிங்கில் பிஸ்டன் போகும். சட்டமும் தெளிவு. உற்பத்தியாளர் குறித்த விவரத்துக்கு ஆர்.சி. முரண்படும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரி 9 தீர்ப்பில் உறுதி செய்தது. அதே ஆண்டின் திருத்தச் சட்டத்தில் வந்த 182ஏ பிரிவு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை அல்லது இரண்டும் என்கிறது. நம்மை நம்பி வண்டியை விட்டவரை அதில் மாட்டிவிடக் கூடாது.

ஆக, டர்போ. ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை.

போன மாதம் ஒரு சனிக்கிழமை, கோவைக்கு வெளியே பட்டறை வைத்திருக்கும் தோழர் செய்தித்தாளில் சுற்றி ஒரு டர்போ கார்ட்ரிட்ஜைக் கொண்டுவந்தார். எலக்ட்ரானிக் ஆக்சுவேட்டர் உள்ள டீசல் கார். பதினொரு மாதத்தில் இரண்டாவது டர்போ. கம்ப்ரஸர் வீலைப் பிடித்து ஆட்டினால் ஷாஃப்ட் மேலும் கீழும் போய்வந்தது. இறக்கை நுனிகள் ஹவுசிங்கில் உரசித் தேய்ந்திருந்தன. பேரிங் சூட்டில் நீலம் பாய்ந்திருந்தது. ஆயில் ஃபீட் பைப்பையும் கையோடு எடுத்து வந்திருந்தார். பாஞ்சோ போல்ட்டுக்குள் கரி இறுகி ஊசி நுழையவே சிரமப்பட்டது. முதல் முறை வேறொரு பட்டறையில் டர்போவை மாற்றினார்கள், பைப்பைத் தொடவில்லை. நம்மவர்கள் செய்த அந்தத் தவறை மறைக்க மாட்டேன். டர்போ தானாகச் சாவது அபூர்வம். பெரும்பாலும் அதைக் கொல்வது ஆயில்.

நம் தோழர் எல்லாவற்றையும் முறையாகச் செய்தார். ஆக்சுவேட்டரோடு புது டர்போ, புது பைப், டிரெய்ன் சுத்தம், இன்டர்கூலரில் தேங்கிய ஆயிலை வடித்தல், சரியான கிரேடு ஆயில். இன்ஜெக்டர் கனெக்டர்களைக் கழற்றிவிட்டு செல்ஃப் அடித்து, பிரஷர் லைட் அணைந்த பிறகே ஸ்டார்ட் செய்தார். எஞ்சின் சத்தம் சுத்தம். ஆனால் வண்டி லிம்ப் மோடை விட்டு வரவில்லை. புது ஆக்சுவேட்டரின் இரண்டு முனை நிலைகளையும் ஈசியூவுக்கு லேர்னிங் கொடுக்க வேண்டும். அவர் கையில் இருந்த ஸ்கேனர் கோளாறு எண்ணைப் படித்தது. லேர்னிங் பக்கத்தைத் திறக்கவில்லை. அதற்குக் கம்பெனி லாகின் வேண்டும். வெளிப் பட்டறைக்கு லாகின் கிடையாது என்று பதில் வந்தது. பத்து நிமிட வேலைக்கு வண்டியைக் கம்பெனி சர்வீஸுக்குக் கட்டி இழுத்துப் போனார்கள். 'வெளியில் கழற்றியது' என்று சொல்லி அங்கே மொத்த டர்போவையும் மாற்றச் சொன்னார்கள். பன்னிரண்டு ஆண்டு வாடிக்கையாளர் அதன் பிறகு அவர் பட்டறைக்கு வரவில்லை. என் முன்னால் உட்கார்ந்து அவர் கேட்டது ஒன்றுதான்: "நான் எதை விட்டேன்ணே?"

எதையும் விடவில்லை, தம்பி. உன் கையில் இருக்க வேண்டிய சாவியை உனக்குத் தரவில்லை.

இந்தப் பத்தியில் இதை நான் எழுதுவது முதல் முறையல்ல. 2014 ஆகஸ்ட் 25 அன்று இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. உதிரிபாகத்தையும் பழுது கண்டறியும் கருவியையும் தகவலையும் வெளிப் பட்டறைகளுக்குத் தராமல் அடைத்து வைத்தது குற்றம் என்றது. நாம் அன்று இனிப்பு வழங்கினோம். வழக்கு மேல்முறையீட்டுக்குப் போனது, ஆண்டுகள் ஓடின. 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமைக்காக நுகர்வோர் துறை ஒரு குழு அமைத்தது. டிசம்பரில் இணையதளம் திறந்தது. நிறுவனங்களைக் கட்டாயப்படுத்தும் சட்டம் மட்டும் இன்றுவரை வரவில்லை. ஐரோப்பா 2007-இலேயே, யூரோ 5 விதியோடு சேர்த்து, வெளிப் பட்டறைக்கும் பழுதுத் தகவலைத் தர வேண்டும் என்று சட்டமாக்கியது. அமெரிக்காவில் மாசச்சூசெட்ஸ் 2012-இல் அதைச் செய்தது. ஐரோப்பாவின் புகை அளவை நமக்கு விதியாக்கத் தெரிந்த டெல்லிக்கு, அதே ஏட்டின் பழுதுத் தகவல் அத்தியாயம் மட்டும் ஏன் கண்ணில் படவில்லை?

உதிரிபாகங்களுக்கு ஒரே சீராக 18 சதவீதம் ஆக்கியது நல்ல காரியம்; மனதார வரவேற்கிறோம். ஆனால் மலிவாக வாங்கிய டர்போவைப் பொருத்தியபின் உயிர்கொடுக்கும் அனுமதி வேறொருவர் பூட்டுக்குள் இருந்தால், அந்த வரிக்குறைப்பு நம் வாடிக்கையாளரின் பையில் எப்படிச் சேரும்? ஜிஎஸ்டி கவுன்சில் கூடி ஒரே நாளில் சிசிக்குக் கோடு போட முடிகிறது. அந்தக் கோட்டால் டர்போ பெருகும் என்று தெரிந்தே போடுகிறார்கள். அதைப் பழுதுபார்க்கப் போகும் லட்சக்கணக்கான கைகளைப் பற்றி அந்த அறையில் ஒரு வரி எழுதப்பட்டிருந்தால் இன்று நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். டர்போ வேண்டும் என்று வரி சொல்லிவிட்டது. லேர்னிங் உரிமை உள்ள லாகினை, நியாயமான கட்டணத்தில், பதிவு பெற்ற எல்லாப் பட்டறைக்கும் தரச் சொல்லும் விதியையும் அதே அரசு எழுத வேண்டும். இலவசமாக யாரும் கேட்கவில்லை.

நம் பக்கக் கடமையும் உண்டு. காரணம் தெரியாமல் டர்போவை மாற்றாதீர்கள்; ஃபீட் பைப்பைப் பழையதாகவே போடாதீர்கள். நேரடி இன்ஜெக்‌ஷன் டர்போ பெட்ரோலுக்கு ஏபிஐ எஸ்பி தரத்துக்குக் குறைந்த ஆயிலை ஊற்றாதீர்கள். கீழ் ஆர்பிஎம்மில் வரும் முன்கூட்டிய பற்றுதலில் பிஸ்டன் ரிங் லேண்ட் உடைந்துபோவதைத் தடுப்பதும் அந்தத் தரத்தின் நோக்கம். ஒழுங்காக வேலை செய்பவர் கேட்டால்தான் கோரிக்கைக்கு எடை இருக்கும்.

லேர்னிங் மறுக்கப்பட்ட ஒவ்வொரு வண்டிக்கும் மாடல், ஆண்டு, செய்த வேலை, ஸ்கேனர் திரையில் வந்த வாசகம், கிடைத்த பதில் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி இந்த அலுவலகத்துக்கு அனுப்புங்கள். தொகுத்து நுகர்வோர் துறைக்கும் போட்டி ஆணையத்துக்கும் நாமே கொண்டுபோய்ச் சேர்ப்போம். 2025 தீபாவளிக்குப் பூ சுற்றி ஷோரூமிலிருந்து இறங்கிய டர்போ வண்டிகளுக்கு வாரண்டி முடியத் தொடங்குவது 2028-இல். அவை நம் வாசலில் வந்து நிற்பதற்குள் சாவி நம் கைக்கு வந்திருக்க வேண்டும்.