மொட்டை மாடி ரயில்வே

மணப்பாறை என்றதும் உங்களுக்கு முறுக்கு ஞாபகம் வரும். 2023-ல் அதற்குப் புவிசார் குறியீடு வேறு கிடைத்துவிட்டது. கொஞ்சம் வயதானவர்களுக்கு மாட்டுச் சந்தை ஞாபகம் வரும். எனக்கு ரயில். அதுவும் எங்கள் வீட்டு மொட்டை மாடி ரூமில் ஓடுகிற ரயில்!

சிரிக்காதீர்கள் ஸார். ஆபீஸில் ஏற்கெனவே சிரித்து முடித்துவிட்டார்கள். "நாற்பத்தஞ்சு வயசுல பொம்மை ரயிலா?" என்றார் ஹெட் கிளார்க். பொம்மை ரயில் வேறு, மாதிரி ரயில் வேறு. பொம்மைக்குக் கணக்கு கிடையாது. மாதிரிக்கு எல்லாமே கணக்கு.

எச்.ஓ. என்று ஓர் அளவு. நிஜத்தில் 87 அடி என்றால் இங்கே 1 அடி. இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே 16.5 மில்லிமீட்டர். ஜெர்மனியின் மார்க்லின் கம்பெனி 1891-ல் லைப்ஸிக் சந்தையில் பாதை அகலத்துக்கு நம்பர் போட்டு விற்றதில் ஆரம்பித்த பைத்தியம் இது. ஹாம்பர்க்கில் 2001-லிருந்து ஒரு கட்டடம் பூராவும் இதே அளவில் ஊர் ஊராகக் கட்டி வைத்திருக்கிறார்கள். அவ்வளவு தூரம் எதற்கு? புனேயில் ஜோஷி என்பவர் 1998-ல் மினியேச்சர் ரயிலுக்கென்றே ஒரு மியூசியம் திறந்தார். ஆக, நான் தனி ஆள் இல்லை. மணப்பாறையில் வேண்டுமானால் தனி ஆள்.

தீபாவளி போனஸில் ஒரு எஞ்சின், நாலு பெட்டி, கொஞ்சம் தண்டவாளம் வாங்கினேன். 8-க்கு 4 பிளைவுட் பலகை ஒன்று. "ஏங்க, அது நான் வடகம் காயப் போடுற ரூமு" என்றாள் மனைவி. "வடகம் வெயில்லதான காயணும், ரூம்ல எதுக்கு?" என்றேன். அதற்கப்புறம் இரண்டு நாள் எனக்குக் காபி லேட்டாகத்தான் வந்தது.

முதல் நாளே கணக்கு உதைத்தது. திருச்சி ஜங்ஷனிலிருந்து மணப்பாறை சுமார் 40 கிலோமீட்டர். 87-ஆல் வகுத்தால் 460 மீட்டர். அதாவது, என் மாடியில் மணப்பாறை ஸ்டேஷன் வைத்தால் திருச்சி ஜங்ஷன் நாலு தெரு தள்ளி யாரோ ஒருவர் வீட்டு சமையலறையில் வரும். சரி, ரயிலையாவது முழுசாக விடலாமென்றால் அதுவும் நடக்காது. ஐ.சி.எஃப். பெட்டி ஒன்று 21 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே. எச்.ஓ.வில் இருபத்து நாலரை சென்டிமீட்டர். 20 பெட்டி கோத்தால் 16 அடி! என் எட்டடிப் பலகையில் எஞ்சின் போய் கார்டு பெட்டியின் முதுகில் இடிக்கும். கடைசியில் ஒரு ஸ்டேஷன், ஒரு வளைவு, முறுக்கு டின்னை வெட்டி ஒரு குகை என்று முடிவாயிற்று. மணப்பாறை லைனில் குகை எங்கே இருக்கிறது என்று கேட்காதீர்கள். டின் இருந்தது.

கேட்டவர் ஒருவர் உண்டு. அப்பா.

அப்பா ரயில்வேயில் கீமேன். மணப்பாறைக்கும் வையம்பட்டிக்கும் நடுவே தினமும் லைனில் நடப்பது அவர் வேலை. போகும்போது ஒரு தண்டவாளம், திரும்பும்போது மற்றது. கையில் சுத்தியல், ஸ்பேனர், சிவப்புக் கொடி, பச்சைக் கொடி, ஆபத்துக்கு வெடி. தண்டவாளத்தை ஸ்லீப்பரோடு இறுக்கிப் பிடிக்கிற சாவிகள் கழன்றிருக்கிறதா என்று தட்டித் தட்டிப் பார்ப்பதால் கீமேன் என்று பேர். இப்போது கான்கிரீட் ஸ்லீப்பரில் ஸ்பிரிங் கிளிப்தான். சாவி போய்விட்டது, உத்தியோகப் பேர் மட்டும் நிற்கிறது.

1875-ல் மீட்டர் கேஜாகப் போட்ட லைன் இது. 1977 ஆகஸ்ட் 15-ல் வைகை எக்ஸ்பிரஸ் ஓட ஆரம்பித்ததும் அதே மீட்டர் கேஜில்தான். சின்னப் பையனாக நான் கேட்கிற ஒரே கேள்வி, "வைகை எவ்ளோ ஸ்பீடுப்பா?" அப்பா ஸ்பீடைப் பற்றிச் சொல்லவே மாட்டார். "அந்த முப்பதடி வளைவுல ஜல்லி சரிஞ்சிருக்கு" என்பார். எனக்கு எரிச்சலாக வரும். ஸ்கூலில் டிரைவர் பையன் ஒருத்தன் இருந்தான். அவனிடம் கதை இருந்தது. என்னிடம் ஜல்லிதான் இருந்தது. கொஞ்சம் வளர்ந்ததும், "உங்கப்பா ரயில்வேல என்ன?" என்று யாராவது கேட்டால் "ரயில்வேல" என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். அது அப்பாவுக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன்.

இப்போது அவருக்கு எழுபத்தெட்டு. முட்டி வலி. மாடிக்கு வருவதே அபூர்வம். அன்றைக்கு ஒரு படி ஒரு படியாக ஏறி வந்து, என் தண்டவாளத்தின் குறுக்கே ஸ்கேலை வைத்தார்.

"இது என்ன கேஜு?"

சொன்னேன். துண்டுப் பேப்பரில் பெருக்கினார். 16.5 இன்டூ 87. "1435 வருது. நம்ம பிராட் கேஜ் 1676. மீட்டர் கேஜ் 1000. இது ரெண்டும் இல்லியேடா? ஐரோப்பாக்காரன் லைன்ல நம்ம வண்டிய ஏத்தியிருக்கே."

"சென்னை மெட்ரோ இந்த கேஜ்தாம்ப்பா" என்று சமாளித்தேன்.

"அப்ப போர்டுல மணப்பாறைன்னு எழுதாதே. ஆலந்தூர்னு எழுது."

அடுத்து ஜல்லி. நிஜ ஜல்லி அதிகபட்சம் 65 மில்லிமீட்டர். 87-ஆல் வகுத்தால் முக்கால் மில்லிமீட்டர். வீட்டில் அந்த சைஸில் இருந்த ஒரே பொருள் ரவை. பெவிகாலைத் தண்ணீரில் கரைத்து, பாத்திரம் கழுவுகிற சோப்பு ஒரு சொட்டு விட்டு (அப்போதுதான் இடுக்கில் இறங்கும்), ரவையை அழகாக ஒட்டினேன். மறுநாள் காலையில் என் ரயில்வேயில் ஏகப்பட்ட பயணிகள். எல்லாம் எறும்பு! ரவையைச் சுரண்டிவிட்டு, ஆற்று மணலை மாவு சல்லடையில் சலித்துப் போட்டேன். சல்லடை போன விஷயம் மனைவிக்கு இந்தக் கட்டுரையைப் படித்துத்தான் தெரியும்.

டிசம்பரில் ரயில் ஓடியது. 12 வோல்ட். ஒரு தண்டவாளம் பிளஸ், மற்றது மைனஸ். மாற்றிக் கொடுத்தால் வண்டி பின்னால் போகும். மின்சாரம் எங்கேயும் விட்டுப்போகக் கூடாதென்று எல்லா ஜாயின்ட்டையும் ஈயம் வைத்துப் பற்ற வைத்துவிட்டேன். மூன்று மாதம் வெண்ணெய் மாதிரி ஓடியது.

ஏப்ரல் வந்தது. மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. மணப்பாறை வெயில் உங்களுக்குத் தெரியாததா? ஒரு ஞாயிறு மத்தியானம் எஞ்சின் வளைவில் கவிழ்ந்தது. தூக்கி வைத்தேன். மறுபடி அதே இடம். சக்கரத்தைத் துடைத்தேன், எண்ணெய் விட்டேன், பெட்டியைக் கழற்றினேன். ஐந்து தடவை கவிழ்ந்ததும் எஞ்சின்தான் கோளாறு என்று முடிவு கட்டி, வேறு எஞ்சின் என்ன விலை என்று செல்போனில் தேட ஆரம்பித்தேன்.

பின்னால் அப்பா நின்றிருந்தார். எப்போது ஏறி வந்தாரோ!

"எஞ்சின் மேல ஏண்டா பழி போடுறே? லைனைப் பாரு."

"லைன் நல்லாத்தான் இருக்குப்பா. எல்லாத்தையும் பத்த வெச்சிருக்கேன்."

அவர் உட்கார்ந்தார். கண் அவ்வளவாகத் தெரியாது. சுட்டு விரல் நகத்தைத் தண்டவாளத்தின் மேல் வைத்து மெதுவாக இழுத்துக்கொண்டே போனார். ஒரு பக்கம் முழுசாகப் போய்விட்டு, திரும்பும்போது மற்றப் பக்கம். வளைவில் நகம் நின்றது.

"இங்க தூக்கியிருக்கு. ஒரு மில்லிமீட்டர் இருக்கும்."

"ஒரு மில்லிமீட்டர்தானப்பா?"

"உன் கணக்குப்படி 87 மில்லிமீட்டர். நெசமான லைனா இருந்தா நாளைக்குப் பேப்பர்ல வந்திருக்கும்" என்றார். பிறகு கூரையைப் பார்த்தார். "இந்தச் சூட்டுக்கு இரும்பு நீளுமே, அதுக்கு எங்க எடம் விட்டே?"

விடவில்லை. எட்டடித் தண்டவாளம் 20 டிகிரி சூடேறினால் முக்கால் மில்லிமீட்டருக்கு மேல் நீளும். போக இடமில்லாவிட்டால் மேலே எழும்பும். நிஜத்திலும் 13 மீட்டர் தண்டவாளம் 30 டிகிரிக்கு நாலரை மில்லிமீட்டர் நீளும். பழைய லைனில் அதற்காகத்தான் ஜாயின்ட்டில் இடைவெளி. நாம் தூங்கிக்கொண்டே கேட்ட அந்த 'டடக் டடக்' எல்லாம் அந்த இடைவெளியின் சத்தம்தான். இப்போது தண்டவாளத்தை நீளமாகப் பற்ற வைத்து, கனமான ஸ்லீப்பரும் ஜல்லியும் சேர்ந்து அதை அமுக்கிப் பிடிக்கின்றன. பற்ற வைக்க நானும் கற்றுக்கொண்டேன். அமுக்கிப் பிடிக்க என்னிடம் இருந்ததோ சல்லடை மணல்!

சின்ன ரம்பத்தால் நாலு இடத்தில் அறுத்தோம். அவர் இடம் காட்ட, நான் அறுக்க. இடைவெளி போஸ்ட் கார்டு தடிமன். மின்சாரம் தாண்டாதே என்று ஒவ்வொரு துண்டுக்கும் பலகைக்கு அடியில் தனி ஒயர். சாயந்தரம் ஆகிவிட்டது. சுவிட்சைப் போட்டேன். வளைவில் எஞ்சின் போயிற்று. 'டிக்... டிக்...' என்று சன்னமாகச் சத்தம். நான் எஞ்சினைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா பலகையில் காதை வைத்திருந்தார்.

"அப்பா, இத்தனை வருஷம் நீங்க நடந்ததுல எத்தனை வாட்டி இப்படி எழும்பினதைப் பிடிச்சிருப்பீங்க?"

"அத யாரு எண்ணுனா? வண்டி போயிரும்ல" என்றார்.

பேப்பரில் வருவதெல்லாம் கவிழ்ந்த வண்டிதான். கவிழாத வண்டிக்குச் செய்தி கிடையாது. அதற்காக விடியற்காலையில் சுத்தியலோடு நடந்தவருக்கும் கிடையாது. வீட்டிலேயே இருந்த எனக்கே இது புரிய, ஒரு போனஸும் ஒரு பிளைவுட் பலகையும் தேவைப்பட்டது.

போன வாரம் தீக்குச்சியைச் சீவி ஒரு ஆள் செய்தேன். 19 மில்லிமீட்டர் உயரம். காக்கிச் சட்டை, கையில் பச்சைக் கொடி. ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் நிறுத்தி வைத்து அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"பிளாட்பாரத்துல இவனுக்கு என்ன வேலை?" என்றார். எடுத்து வளைவுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். நான் பெவிகாலை நீட்டினேன். வாங்கவில்லை. ஸ்கேலைக் கேட்டார்.

"வண்டி வர்றப்ப நான் ரெண்டு மீட்டர் தள்ளித்தான் நிப்பேன். 87-ஆல வகுத்துச் சொல்லு."

23 மில்லிமீட்டர். அளந்து ஒட்டினோம்.