புலி திரும்பி வந்தது. வேட்டைக்காரர் நிலை என்ன?

ஒழிந்துபோன விலங்கை வேறிடத்திலிருந்து கொண்டுவந்து மீண்டும் காட்டில் விடும் முயற்சியில் நாட்டிலேயே முன்னணியில் நிற்பது மத்தியப் பிரதேசம். 2009ல் பன்னா காட்டுக்குப் புலிகள் கொண்டுவரப்பட்டன. 2022 செப்டம்பர் 17ந் தேதி நமீபியாவிலிருந்து எட்டு சீட்டாக்கள், அதாவது சிவிங்கிப் புலிகள், ஷியோப்பூர் மாவட்டத்துக் குனோ காட்டில் வந்திறங்கின. 2023 பிப்ரவரியில் தென்னாப்பிரிக்கா மேலும் 12 சிவிங்கிகளை அனுப்பியது.

இவை குறித்து மந்திரிகளும் அதிகாரிகளும் விஞ்ஞானிகளும் நிறையவே பேசியிருக்கிறார்கள். ஆனால் இதே விலங்குகளின் பின்னால் தலைமுறை தலைமுறையாக அலைந்தவரும், அவற்றின் நடமாட்டத்தைக் கால்தடத்தைக் கொண்டே சொல்லக்கூடியவருமான வேட்டைக்காரரிடம் கருத்துக் கேட்டவர் மிகக் குறைவு.

யார் இந்த வேட்டைக்காரர்?

மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரம், குஜராத் ஆகிய மாநிலங்களில் பரவியுள்ள பார்தி இனத்தவரே அவர்கள். மராத்தியில் ‘பாரத்’ என்றால் வேட்டை. பெயரே தொழிலைச் சொல்கிறது. கண்ணி வைத்துக் கௌதாரி பிடிப்பதிலும், பறவையைப் போலவே குரல் கொடுத்து அதை அருகில் வரவழைப்பதிலும் தேர்ந்தவர்கள். தமிழ்நாட்டில் நாம் அறிந்த நரிக்குறவர்களை இவர்களுக்குத் தூரத்து உறவு எனலாம். நரிக்குறவர் வீட்டில் பேசும் வாக்ரிபோலி குஜராத்தி, மராத்திச் சாயல் கொண்ட மொழியே. பழங்குடிப் பட்டியலில் இடம் பெற நரிக்குறவர் பல ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது. 2022 டிசம்பரில்தான் பாராளுமன்றம் அதற்கான மசோதாவை நிறைவேற்றியது.

பார்திகளின் நிலை இன்னும் விசித்திரமானது. மகாராஷ்டிரத்தில் அவர்கள் மாநிலம் முழுவதும் பழங்குடியினர். மத்தியப் பிரதேசத்திலோ குறிப்பிட்ட சில பகுதிகளில் மட்டுமே அந்தத் தகுதி உண்டு. எல்லை தாண்டிக் குடியேறினால் சலுகையும் போய்விடும். ஊர் ஊராகத் திரிந்து பிழைத்த ஓர் இனத்துக்கு மாவட்ட எல்லையை வைத்துத் தகுதி நிர்ணயம் செய்வது என்ன நியாயம்?

ராஜாவும் பார்தியும்

அரசாங்கப் பட்டியலில் பார்தியின் உட்பிரிவுகளில் ஒன்றாக ‘சீத்தா பார்தி’ என்ற பெயர் இன்றும் இருக்கிறது. சிவிங்கியைக் கண்ணியில் பிடித்துப் பழக்கி, மான் வேட்டைக்குக் கொண்டுசென்றவர்கள் இவர்கள். சமஸ்தானத்து ராஜாக்களுக்கு இது பெரிய பொழுதுபோக்காக இருந்தது. உள்நாட்டில் சிவிங்கி அருகிவிட்ட பிறகு, கோலாப்பூர், பாவ்நகர் சமஸ்தானங்கள் ஆப்பிரிக்காவிலிருந்தே அவற்றை வரவழைத்துக்கொண்டன. எனவே ஆப்பிரிக்கச் சிவிங்கி இந்தியாவுக்கு வருவது 2022ல் நடந்த புதுமை அல்ல.

இந்தியாவில் கடைசியாகப் பதிவான மூன்று சிவிங்கிகள் 1947ல் சுடப்பட்டன. சுட்டவர் கொரியா சமஸ்தானத்து மகாராஜா என்றே பதிவுகள் கூறுகின்றன. 1952ல் அந்த இனம் இந்தியாவில் அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்டது. சுட்ட ராஜாக்களின் படங்கள் அரண்மனைச் சுவர்களை அலங்கரித்தன. கூடவே சென்ற பார்திக்குக் கிடைத்த பட்டமோ ‘குற்றப் பரம்பரை’! 1871ம் வருடச் சட்டத்தால் வந்த அந்தக் களங்கம் 1952 ஆகஸ்ட் 31ந் தேதி சட்டப்படி நீங்கிற்று. ஆனால் போலீஸ் நிலையங்களில் சந்தேகம் நீங்கவில்லை. இருபது ஆண்டு கழித்து, 1972ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது, அவர்களது குலத்தொழிலே குற்றமாயிற்று. சட்டம் தேவையானதுதான்; அதில் சந்தேகமில்லை. ஆனால் தொழிலை எடுத்துக்கொண்ட அரசு மாற்றுத் தொழில் எதையும் கையில் கொடுக்கவில்லை.

பன்னா கற்பித்த பாடம்

2009ல் பன்னாவில் ஒரு புலிகூட மிஞ்சவில்லை என்பது உறுதியாயிற்று. ராஜஸ்தானத்துச் சரிஸ்காவில் 2005ல் நேர்ந்த அதே கதி. திருட்டு வேட்டையே முக்கிய காரணம் என்று குற்றச்சாட்டு எழுந்தது; சுற்றுவட்டாரப் பார்திகள் மீது பழி விழுந்தது. அவ்வாண்டு மார்ச்சில் பாந்தவ்கட், கன்ஹா காடுகளிலிருந்து இரண்டு பெண் புலிகள் வந்தன. நவம்பரில் பெஞ்ச் காட்டிலிருந்து வந்த ஆண் புலியோ, புது இடம் பிடிக்காமல் பழைய காட்டை நோக்கி நடக்கத் தொடங்கிவிட்டது. 400 கிலோமீட்டருக்கு மேல் சுற்றிய அந்தப் புலியை யானைகளோடு தொடர்ந்து சென்று, டிசம்பரில் மயக்க ஊசி போட்டுத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். 2010 ஏப்ரலில் முதல் குட்டிகள் பிறந்தன. இன்று பன்னாவில் 50க்கு மேற்பட்ட புலிகள் உண்டு. வனத்துறையின் சாதனை இது என்பதை மறுக்க முடியாது.

இந்தக் காலத்திலேயே வேறு ஒரு சிறு மாற்றமும் நிகழ்ந்தது. பார்தி பிள்ளைகளுக்கு விடுதியோடு கூடிய பள்ளிகள் அமைக்கப்பட்டன. பார்தி இளைஞர்கள் சிலர் சுற்றுலாப் பயணிகளைக் காட்டோரம் நடத்திச் சென்று, கால்தடம் காட்டி, பறவைக் குரல் எழுப்பிக் காட்டும் வழிகாட்டிகளாக ஆனார்கள். வேட்டைக்கு உதவிய அதே வித்தை இப்போது கௌரவமாகச் சோறு போடுகிறது. ஆனால் இப்படிப் பிழைப்பவர் விரல்விட்டு எண்ணத்தக்கவரே.

இரு தரப்பு வாதங்கள்

வேட்டைக்காரர் தரப்பிலிருந்து பார்த்தால் மூன்று கேள்விகள் எழுகின்றன. முதலாவது, காடுகள் அழிந்ததற்கும் ராஜாக்களும் வெள்ளைக்காரத் துரைகளும் சுட்டுத் தள்ளியதற்கும் சேர்த்துத் தண்டனை ஏன் ஏழைக்கு மட்டும்? இரண்டாவது, புலி பிழைக்க மானும் பன்றியும் வேண்டும். எந்த ஓடையில் எது தண்ணீர் குடிக்கும் என்று அறிந்தவரைக் கலக்காமல் திட்டம் தீட்டுவானேன்? மூன்றாவது, புலி வந்தால் சுற்றுலா வரும், பணம் வரும் என்கிறார்கள். ஓட்டல்காரருக்கும் ஜீப்புக்காரருக்கும் வரும் அந்தப் பணத்தில் வேட்டையை விட்டவருக்குப் பங்கு எங்கே?

மறுதரப்பு வாதத்தையும் அலட்சியப்படுத்த முடியாது. புலித்தோலுக்கும் எலும்புக்கும் அயல்நாட்டில் கிராக்கி இருக்கும்வரை, காட்டை நன்கு அறிந்தவரே மிகுந்த ஆபத்தானவரும் ஆவார். 2025 ஜனவரியில்கூட மகாராஷ்டிரத்துச் சந்திரப்பூர் மாவட்டம் ராஜுரா பகுதியில் புலி வேட்டை தொடர்பான கைதுகள் நடந்தன. அவரையே காவலுக்கு வைப்பது பூனையிடம் பாலை ஒப்படைப்பதாகாதா என்று வனத்துறையினர் அஞ்சுவதில் அர்த்தமில்லாமல் இல்லை. ஆனால் சிறைத் தண்டனை மட்டுமே போதுமானதாக இருந்தால், 1972க்குப் பின் சரிஸ்காவும் பன்னாவும் காலியாகியிருக்கக் கூடாது.

இருளர் காட்டும் வழி

இதற்கு விடை தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்கள் ஒரு காலத்தில் தோலுக்காகப் பாம்பு பிடித்தவர்கள். 1972ம் வருடச் சட்டமும் தோல் ஏற்றுமதித் தடையும் அவர்கள் பிழைப்பில் மண்ணைப் போட்டன. 1978ல் ரோமுலஸ் விட்டேக்கரின் முயற்சியால் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது. வனத்துறை அனுமதியோடு நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றைப் பிடித்து, விஷம் எடுத்து, மீண்டும் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். நாட்டின் விஷமுறிவு மருந்துக்குத் தேவையான விஷத்தில் பெரும்பகுதி இங்கிருந்தே போயிருக்கிறது. 2017ல் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலம், அங்கு பெருகிவிட்ட மலைப்பாம்புகளைப் பிடிக்க வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இரு இருளர்களை வரவழைத்தது. நான்கு வாரத்துக்குள் 27 பாம்புகள் பிடிபட்டன. 2023ல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

பாம்பும் புலியும் ஒன்றல்ல என்பது சரியே. என்றாலும் இங்கே மாறியது பாம்பு பிடிக்கும் வித்தை அல்ல. அந்த வித்தைக்கு யார் கூலி கொடுக்கிறார் என்பதே. தோல் வியாபாரி கொடுத்த இடத்தில் சங்கம் கொடுக்கிறது.

பார்திக்கும் இதைச் செய்யலாம். தடம் பார்ப்பவராக, கண்ணிகளைத் தேடி அகற்றுபவராக, மாதச் சம்பளத்தில் நியமிக்கலாம். மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும் பழங்குடித் தகுதியை மாநிலம் முழுவதற்கும் ஒன்றாக்கலாம். ஆப்பிரிக்காவிலிருந்து சிவிங்கியை விமானத்தில் கொண்டுவர முடிந்த அரசுக்கு இவை பெரிய செலவல்ல. பக்கத்துக் குடிசையில் இருப்பவரைக் காவலராக ஆக்காதவரை, எத்தனை முறை கொண்டுவந்து விட்டாலும் காடு மீண்டும் காலியாகும் அபாயம் நீங்காது.