எதிர்த்தரப்பை எங்கே சந்திப்பது?

2025 நவம்பர் 19 அன்று, 2021-ஆம் ஆண்டின் தீர்ப்பாயங்கள் சீர்திருத்தச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இரண்டே நாளில், நவம்பர் 21 அன்று, நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்தன. இருங்காட்டுக்கோட்டை முதல் ஒரகடம், வல்லம் வடகால் வரை உள்ள ஆலைகளின் வழக்குகளை நடத்தும் நமக்கு இவை இரண்டு தனிச் செய்திகள் அல்ல. தொழிலுறவுத் தொகுப்பின்படி தொழில் தீர்ப்பாயத்தில் நீதித்துறை உறுப்பினரோடு நிர்வாக உறுப்பினர் ஒருவரும் அமர்வார். தீர்ப்பாய உறுப்பினர்களை யார் தேர்வு செய்வது, பதவிக்காலம் எவ்வளவு, அரசின் பிடியிலிருந்து அவர்கள் எவ்வளவு விலகி நிற்க வேண்டும் என்ற கேள்விகளை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனது எந்தக் கட்சிக்காரரும் அல்ல, மெட்ராஸ் பார் அசோசியேஷன். கம்பெனிச் சட்டத் தீர்ப்பாய வழக்கில் 2010-லும், தேசிய வரித் தீர்ப்பாய வழக்கில் 2014-லும், பிறகு 2020, 2021, 2025-லும் அந்தச் சங்கத்தின் பெயரில் தீர்ப்புகள் வந்தன. இப்படியொரு வழக்குக்குக் கட்டணம் கொடுக்கும் கட்சிக்காரர் கிடைக்கமாட்டார். சங்கம்தான் நடத்த முடியும்.

இதை முதலில் சொல்லக் காரணம், சட்ட நிறுவனங்களில் சேரும் இளம் வழக்கறிஞர்களிடம் பரவிவரும், வழக்கறிஞர் சங்கம் நமக்கு எதற்கு என்ற எண்ணம். சென்னையிலிருந்து ஸ்ரீபெரும்புதூருக்கோ காஞ்சிபுரத்துக்கோ வருகிறார்கள். வழக்கு அழைக்கப்பட்டதும் ஆஜராகி, வாய்தா வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். சங்க அறைப் பக்கம் போவதில்லை. போனால் அதை வீண் பொழுது என்று கருதும் பார்ட்னர்களும் இருக்கிறார்கள். இந்தப் பழக்கம் ஜூனியர்களைக் குறைப்படுத்துகிறது என்று உறுதியாக நம்புகிறோம்.

வேறு எந்தத் துறையை விடவும் தொழிலாளர் சட்டத்தில் இந்தக் குறை அதிகம் தெரியும். நிர்வாகத் தரப்பு அலுவலகத்தில் சேர்ந்தவர் பல ஆண்டு கழிந்தும் நிர்வாகத்தின் கோப்பை மட்டுமே படித்திருப்பார். தொழிற்சங்க வழக்கறிஞரிடம் பழகியவருக்கு மறுபக்கம் தெரியாது. தொழில் தகராறுச் சட்டத்தின் 36-ஆம் பிரிவு சமரசப் பேச்சில் வழக்கறிஞரை அனுமதிக்கவில்லை; தொழிலாளர் நீதிமன்றத்தில் ஆஜராகவும் எதிர்த்தரப்பின் சம்மதமும் மன்றத்தின் அனுமதியும் வேண்டும் என்றது. புதிய தொகுப்பும் அந்தக் கட்டுப்பாட்டை விட்டுவிடவில்லை. எதிர்த்தரப்பு சம்மதித்தால்தான் வாய் திறக்க முடியும் என்ற இடத்தில், அந்தத் தரப்பின் வழக்கறிஞர் நம்மை நம்பத்தக்கவராக அறிந்திருப்பது சிறிய விஷயமா?

சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலைத் தகராறை எடுத்துக்கொள்வோம். 2024 செப்டம்பர் 9 அன்று தொடங்கிய வேலைநிறுத்தம் 37 நாள் நீடித்தது. தொழிற்சங்கப் பதிவு உயர் நீதிமன்றம் வரை போய், 2025 ஜனவரியில்தான் கைகூடியது. இடையில் நிறுவனம் எழுப்பிய ஆட்சேபம், தன் பெயரைச் சங்கத்தின் பெயரில் சேர்ப்பது வர்த்தகக் குறிச் சட்டத்துக்கு முரண் என்பது. 1926-ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டத்தை வைத்தே காலம் தள்ளியவருக்கு வர்த்தகக் குறிச் சட்டம் புதிது. அறிவுசார் சொத்துரிமைப் பிரிவில் வேலைபார்க்கும் ஜூனியருக்குத் தொழிற்சங்கப் பதிவாளரின் நடைமுறை புதிது. இந்த இருவரும் ஒரே மேசையில் தேநீர் குடிக்கும் இடம் எந்தச் சட்ட நிறுவனத்திலும் இல்லை. பார் அறையில் இருக்கிறது.

இன்னொரு நடைமுறைக் காரணமும் உண்டு. நாம் விளம்பரம் செய்யக்கூடாது. வழக்கறிஞர் சேவையை விளம்பரப்படுத்தும் இணையதளங்கள் மீது நடவடிக்கை எடுக்கும்படி 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. ஆக, இளையவர் ஒருவரின் பெயர் பரவ, உடன் வாதிடுபவர்களின் நல்ல சொல்லே வழி.

வழக்கறிஞர் சங்கங்களின் குறைகளை மறைக்க வேண்டியதில்லை. வழக்கறிஞர்களுக்கு வேலைநிறுத்த உரிமை இல்லை என்று ஹரீஷ் உப்பல் வழக்கில் 2002-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனாலும் புறக்கணிப்புத் தீர்மானங்கள் நிற்கவில்லை. அதனால் அடிபடுவது, ஒருநாள் சம்பளத்தை விட்டுவிட்டு நீதிமன்றம் வந்த தொழிலாளி. இதை வெளியே நின்று பழித்துப் பயனில்லை. உள்ளே போய், பொதுக்குழுவில் எழுந்து, எதிர்த்து வாக்களிக்க இளையவர்கள் வேண்டும்.

பெற வேண்டியதும் அங்கேதான் இருக்கிறது. சென்னை, மதுரை, கோவையில் ஜூனியருக்கு மாதம் குறைந்தது 20,000 ரூபாய், மற்ற இடங்களில் 15,000 ரூபாய் உதவித்தொகை தரச் சுற்றறிக்கை அனுப்பும்படி 2024 ஜூனில் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. தன் சீனியரிடம் தனியாகப் போய் இதைக் கேட்கும் துணிவு எத்தனை பேருக்கு வரும்? சங்கம் கேட்டால் அது தனிமனிதக் கோரிக்கையாக இராது.

பார்ட்னர்களுக்கு எங்கள் வேண்டுகோள்: ஜூனியரின் சங்கச் சந்தாவை அலுவலகமே கட்டட்டும், மாதத்தில் ஒரு பிற்பகலை விட்டுக்கொடுங்கள். மயிலாப்பூர் வக்கீல்கள் சிலர் சனிக்கிழமைகளில் கூடித் தீர்ப்புகளை விவாதித்த பழக்கத்திலிருந்துதான் 1891-இல் மெட்ராஸ் லா ஜர்னல் பிறந்தது. ஸ்ரீபெரும்புதூரில் இரு தரப்பு இளையவர்களும் சேர்ந்து அப்படியொரு வாசிப்புக் கூட்டம் தொடங்கலாம். பேச விஷயம் குவிந்து கிடக்கிறது. நிலையாணை கட்டாயமாவதற்கான எண்ணிக்கை 100-லிருந்து 300 தொழிலாளராக உயர்ந்திருக்கிறது. ஒப்பந்தத் தொழிலாளரும் ட்ரெய்னிகளும் நிரந்தரத் தொழிலாளரோடு ஒரே வரிசையில் நின்று வேலை செய்யும் நம் ஆலைகளில், அந்த 300-ஐ எப்படி எண்ணுவது என்பதில் நிர்வாகமும் தொழிற்சங்கமும் மோதப்போவது நிச்சயம். முதல் கூட்டத்துக்கு அதையே எடுத்துக்கொள்ளுங்கள். நடந்த விவாதத்தை எழுதி அனுப்பினால் இவ்விதழில் வெளியிடுகிறோம்.