சொறியும் பிள்ளையை விலக்கி வைக்காதீர்கள்



கச்சான் காற்று தொடங்கினால் எங்கள் வகுப்புகளில் சொறியும் பிள்ளைகள் கூடிவிடுவார்கள். முழங்கை மடிப்பு, முழங்காலின் பின்பக்கம், கழுத்து எல்லாம் வறண்டு சிவந்திருக்கும். இரவில் நித்திரையில்லை, பகலில் பாடத்தில் கவனமில்லை. பக்கத்துப் பிள்ளையோ "எனக்கும் தொத்தும்" என்று கதிரையைத் தள்ளிப் போடுகிறது. அந்தப் பேச்சு வீட்டுப் பெரியவர்களான எங்களிடமிருந்துதான் வருகிறது.

எக்சிமா எனும் கரப்பான் யாருக்கும் தொற்றாது. சொறி சிரங்கு வேறு; அது தொற்றும். வீட்டில் பலருக்கும் இரவில் கடி இருந்தால் தாமதிக்காமல் வைத்தியரிடம் போவோம்.

தோலின் மேற்படை ஒரு கல் சுவர் மாதிரி. கற்களுக்கு இடையில் சீமெந்து போல கொழுப்பு இருக்கிறது. கரப்பான் உள்ள பிள்ளைக்கு அந்தச் சீமெந்தில் ஓட்டை. உள்ளே உள்ள ஈரம் வெளியேறும். சவர்க்காரமும் தூசும் உள்ளே போகும். அதனால்தான் கடி. வஸ்லின் போன்றவை அந்த ஓட்டையை மூடி ஈரத்தைக் காக்கின்றன. கிளிசரின், யூரியா கலந்த கிறீம்கள் ஈரத்தைப் பிடித்து வைக்கின்றன. கடி குறைந்தால் சொறிவதும் குறையும், புண்ணும் ஆறும்.

"பூசினோம், சரிவரவில்லை" என்கிறார்கள் உம்மாமார். விரல் நுனியில் எடுத்து நாளுக்கு ஒருதரம் பூசினால் எப்படிச் சரிவரும்? உடம்பு முழுக்கக் கரப்பான் உள்ள பிள்ளைக்கு வாரத்துக்கு 250 கிராமுக்குக் குறையாமல் தேவை என்பது பிரித்தானிய மருத்துவ வழிகாட்டல். குளித்து, துவாயால் ஒற்றி எடுத்து, தோல் ஈரமாக இருக்கும்போதே பூசுங்கள். தேய்க்காமல் மயிர் வளரும் திசையில் தடவுங்கள். தோல் நல்லாக இருக்கும் நாளிலும் விடாதீர்கள். வாசனை உள்ளது வேண்டாம்.

கால் வெடித்த பெரியவர்களுக்கும் இது பொருந்தும். அடிக்கடி நனைந்து காயும் தோல் இன்னும் வறளும். வுழூ செய்து துடைத்த பிறகு பூசினால், தண்ணீர் படுமா என்ற சந்தேகமும் வராது.

எங்களுக்குக் கவலை தருவது வேறொன்று. கல்யாண வீட்டுக்கு முதல் வெள்ளையாக்கும் கிறீமுக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கிறோம். அவற்றில் சிலவற்றில் சிறுநீரகத்தைக் கெடுக்கும் பாதரசமும், சிலவற்றில் தோலை மெலியச் செய்யும் ஸ்டீரொய்டும் இருக்கின்றன. பிள்ளையின் கடிக்கு ஒரு வஸ்லின் போத்தல் வாங்க மட்டும் யோசிக்கிறோம். நிறம் ஒரு நோயல்ல. கடிதான் நோய்.

வைத்தியர் எழுதிக் கொடுக்கும் ஸ்டீரொய்டுக்குப் பயப்படத் தேவையில்லை; சொன்ன அளவில், சொன்ன நாளுக்குப் பூசலாம். பாமசியில் கேட்டு நாங்களாக வாங்குவதுதான் ஆபத்து. புண்ணில் சீழ் வைத்தால், காய்ச்சல் வந்தால் வீட்டில் வைத்திருக்க வேண்டாம்.

புத்தகப் பையில் ஒரு சின்ன டப்பா கிறீம் வைத்து அனுப்புங்கள். இடைவேளையில் பூச வைப்பதை ஆசிரியர்களான நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். பக்கத்தில் இருக்கும் பிள்ளைக்கு "இது தொத்தாது, சேர்ந்து இரு" என்று சொல்லிக் கொடுப்பது உங்கள் பொறுப்பு.