பிரம்பு ஓய வேண்டும்

"அடியாத மாடு படியாது" என்பது பழமொழி. மாட்டுக்குச் சொன்னதைக் குழந்தைக்கும் பொருத்திப் பார்க்கும் பழக்கம் நம் நாட்டில் இன்னும் ஒழிந்தபாடில்லை. மகனைப் பள்ளியில் சேர்க்கும்போதே "கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள்" என்று ஆசிரியரிடம் சொல்லிவிட்டு வரும் தந்தையர் இன்றும் உண்டு.

சட்டம் இதற்கு நேர்மாறாக இருக்கிறது. பிரம்படிக்கு இடமளித்த டெல்லிப் பள்ளி விதிகள் செல்லாது என்று 2000 டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2010 ஏப்ரல் முதல் தேதி அமலுக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு, அடிப்பதை மட்டுமல்ல, மனத்தைப் புண்படுத்துவதையும் தடை செய்கிறது. குழந்தைகள் இல்லங்களில் அடித்தால் முதல் முறை 10,000 ரூபாய் அபராதம், மீண்டும் அடித்தால் மூன்று மாதம் வரை சிறை என்கிறது 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம்.

இச்சட்டங்களுக்கு அவசியம் இருந்தது என்பதில் ஐயமில்லை. 2009-10 கல்வி ஆண்டில் தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் 7 மாநிலங்களில் 6,632 குழந்தைகளை விசாரித்தது. எந்தத் தண்டனைக்கும் ஆளாகாதவர்கள் 9 பேர் மட்டுமே!

ஆனால் சட்டம் மட்டும் குழந்தையைக் காத்துவிடாது. பீகார் மாநிலம் முசாபர்பூரில், அரசுப் பணத்தில் நடந்த சிறுமியர் இல்லத்தில் நடந்த கொடுமைகள் 2018-ல் அம்பலமாயின. மும்பை டாட்டா சமூக அறிவியல் கழகத்தின் குழு ஆய்வு செய்து அறிக்கை கொடுத்த பிறகுதான் உண்மை வெளிவந்தது. 2020-ல் 19 பேர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று. வெளியார் ஒருவர் உள்ளே சென்று குழந்தையிடம் பேச வேண்டும் என்பதே இதில் கிடைக்கும் பாடம்.

பிற மாநிலங்களில் வாழும் தமிழ்ப் பெற்றோருக்கு இதில் பொறுப்பு அதிகம். வேற்று மொழிப் பள்ளியில் படிக்கும் பிள்ளை, தனக்கு நேர்ந்ததை அந்த மொழியில் எடுத்துச் சொல்லத் திணறும். விடியுமுன் வேலைக்குப் போகும் தந்தை, தலைமை ஆசிரியரைப் பார்க்கவே தயங்குவார். குடும்பப் பின்னணியையும், பெற்றோர் செய்யும் தொழிலையும், சாதியையும் சொல்லிக் கேலி செய்வதும் மனத் துன்புறுத்தலே என்று ஆணையத்தின் வழிகாட்டு நெறிகள் கூறுவதை அவர்கள் அறிந்திருக்க வேண்டும். மும்பையில் 1996-ல் தொடங்கி நாடெங்கும் பரவிய 1098 என்ற இலவசத் தொலைபேசி எண் ஒவ்வொரு குழந்தைக்கும் மனப்பாடம் ஆக வேண்டும்.

ஆசிரியர்களின் சிரமத்தை மறுப்பதற்கில்லை. தொடக்கப் பள்ளியில் 30 மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்பது சட்டம். அதற்கு இரு மடங்கு பேரை ஓர் அறையில் அடைத்துவிட்டுப் பொறுமையை மட்டும் எதிர்பார்ப்பது நியாயமாகாது. காலியிடங்களை நிரப்புவதும், அடிக்காமல் வகுப்பை நடத்தும் பயிற்சி தருவதும் அரசுகளின் கடமை.

கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரைதான் செல்லும். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு மட்டும் அடி வலிக்காதா? 18 வயது வரை இப்பாதுகாப்பை நீட்டிக்க வேண்டும். அரசுப் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோரே. புகார்ப் பெட்டி வைத்து, அதைத் தங்கள் முன்னிலையில் திறக்கச் செய்ய அவர்கள் முன்வர வேண்டும்.

அடிக்குப் பயந்து வாய் மூடும் குழந்தை பாடத்தில் சந்தேகம் கேட்கவும் அஞ்சும். "தோலை உரியுங்கள்" என்று சொல்லிவந்த பெற்றோர், "என் பிள்ளையை அடிக்காதீர்கள்" என்று சொல்லத் தொடங்கட்டும். பிரம்பு தானே ஓயும்.