கல்விக்கும் நாள் குறிப்போம்

திருமணத்துக்கு நாள் பார்க்கிறோம். வீடு கட்ட நாள் பார்க்கிறோம். நிலத்தில் விதைக்க ஆடிப் பட்டம் பார்க்கிறோம். பெண் குழந்தையின் உயர்கல்விக்கு மட்டும் நாள் பார்ப்பதில்லை. "தேர்வு முடிவு வரட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று இருந்துவிடுகிறோம். பக்கத்து ஊர்க் கல்லூரியில் சேர்வதற்கு இந்தப் பழக்கம் போதுமானதாக இருக்கலாம். ஐரோப்பியப் பல்கலைக்கழகம் ஒன்றை மனத்தில் வைத்திருக்கும் மாணவிக்கு இது போதவே போதாது. அங்கே இடம் கிடைப்பது மதிப்பெண்ணைப் பொறுத்தது போலவே நாளையும் பொறுத்தது. இந்த உண்மையை நம் மாணவிகளும் பெற்றோரும் பதினோராம் வகுப்பிலேயே அறிந்திருக்க வேண்டும் என்பதே என் கருத்து.

நாளின் அருமையை வெள்ளகோவில் மக்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டுவதில்லை. ஒரு பக்கம் திருப்பூர், மறுபக்கம் கரூர், இடையில் தறிச் சத்தம் ஓயாத நம் ஊர். ஐரோப்பாவில் கோடையில் விற்கும் பனியனுக்கு முந்தைய ஆண்டே சாம்பிள் காட்டி, விலை பேசி, ஆர்டர் வாங்கிவிடுகிறார்கள். பிராங்பர்ட் நகரில் ஒவ்வொரு ஜனவரியிலும் நடக்கும் ஹெய்ம்டெக்ஸ்டில் கண்காட்சிக்குக் கரூர் ஏற்றுமதியாளர்கள் மாதக்கணக்கில் முன்னதாகவே ஆயத்தமாகிறார்கள். தூத்துக்குடியில் கப்பலைத் தவறவிட்டால் சரக்கை விமானத்தில் அனுப்ப நேரும். அந்தச் செலவு லாபம் முழுவதையும் விழுங்கிவிடும். ஷிப்மெண்ட் தேதியைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும் தந்தைமார் நம்மிடையே உண்டு. ஆனால், அதே ஐரோப்பாவுக்கு மகள் படிக்கப் போவதற்கு விண்ணப்பத்தின் கடைசித் தேதி எது என்றால் விழிக்கிறார்கள். சரக்குக்குக் காட்டும் கவனத்தை மகளுக்கும் காட்டுங்கள் என்று கேட்பது மிகையாகுமா?

அவர்களுடைய நாட்காட்டி

நம் நாட்டு மாணவர் பலரும் நாடிச் செல்லும் ஜெர்மனியை எடுத்துக்கொள்வோம். அங்கே ஆண்டுக்கு இரண்டு பருவங்கள். குளிர்காலப் பருவம் அக்டோபரிலும், கோடைப் பருவம் ஏப்ரலிலும் தொடங்குகின்றன. பல படிப்புகள் அக்டோபரில் மட்டுமே தொடங்கும். பொதுவாகச் சொல்லப்படும் கடைசி நாள்கள் ஜூலை 15, ஜனவரி 15 ஆகியவை. ஆனால் வெளிநாட்டு மாணவர் சேரும் முதுகலைப் படிப்புகள் பலவற்றில் மார்ச், ஏப்ரல், மே மாதங்களிலேயே விண்ணப்பம் முடிந்துவிடுகிறது. நம் பல்கலைக்கழகங்களிலோ கடைசிப் பருவத் தேர்வே ஏப்ரல், மே மாதங்களில்தான். முடிவு வருவது ஜூன் அல்லது ஜூலை. ஆகவே, பட்டச் சான்றிதழ் கைக்கு வந்தபின் விண்ணப்பிக்கலாம் என்று காத்திருப்பவளுக்கு அந்த ஆண்டின் கதவு பெரும்பாலும் சாத்தப்பட்டிருக்கும். அதுவரை வாங்கிய மதிப்பெண் பட்டியல்களைக் கொண்டே விண்ணப்பிக்க இடந்தரும் பல்கலைக்கழகங்கள் உண்டு என்பதை முன்னரே அறிந்தவள் உள்ளே நுழைகிறாள்.

மற்ற நாடுகளின் கதையும் இதுவே. சுவீடனில் எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் ஒரே பொது விண்ணப்பம். அக்டோபர் நடுவில் திறந்து, ஜனவரி நடுவில் மூடிவிடுகிறார்கள். வகுப்பு தொடங்குவதோ ஆகஸ்டு கடைசியில். இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் இளங்கலைக்கு முந்தைய ஆண்டு அக்டோபர் 15 கடைசி நாள். அதாவது நம் மாணவி பன்னிரண்டாம் வகுப்பின் பாதியில் இருக்கும்போதே. ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டஸ் உதவித்தொகைக்கு அக்டோபர் முதல் ஜனவரி வரையிலான மாதங்களில் பெரும்பாலும் விண்ணப்பம் வாங்கப்படுகிறது. ஜெர்மனியின் டி.ஏ.ஏ.டி. உதவித்தொகைகள் பலவற்றுக்குப் படிப்பு தொடங்க ஓராண்டு இருக்கும்போதே நாள் முடிந்துவிடுகிறது. பணவசதி குறைந்த வீட்டுப் பெண்ணுக்குத்தான் உதவித்தொகை இன்றியமையாதது. அந்த உதவித்தொகைக்குத்தான் கதவு முதலில் மூடுகிறது. இதைப் பெற்றோர் நன்கு நினைவில் கொள்ள வேண்டும்.

விண்ணப்பம் மட்டும் போட்டால் போதுமா? அதற்கு முன்னும் பின்னும் எத்தனை படிகள்! ஆங்கிலத் தேர்வான ஐ.இ.எல்.டி.எஸ். மதிப்பெண் இரண்டு ஆண்டுகளுக்கே செல்லும். மிக முன்னதாக எழுதினாலும் வீண், பிந்தினாலும் வீண். 2022 நவம்பர் 1 முதல் ஜெர்மன் மாணவர் விசா கேட்கும் இந்திய மாணவர்கள் ஏ.பி.எஸ். என்னும் சான்றிதழ் பெற வேண்டும். நம் சான்றிதழ்கள் மெய்யானவைதாமா என்று சோதித்து அவர்கள் தருவது அது. அதற்குப் பல வாரங்கள் ஆகும். பல பல்கலைக்கழகங்களுக்காக விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் யூனி-அசிஸ்ட் அமைப்புக்கும் சில வாரங்கள் தேவை. இடம் கிடைத்த பின் விசா. அதற்கு நேரம் வாங்கக் காத்திருக்க வேண்டும். அக்டோபரில் வகுப்பில் அமர வேண்டுமானால், இந்தப் படிகளைக் கடைசியிலிருந்து எண்ணிப் பாருங்கள். ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு முன்பே முதல் படியில் கால் வைத்திருக்க வேண்டும் என்பது விளங்கும். பட்டப்படிப்பின் இறுதி ஆண்டு அன்று. அதற்கு முந்தைய ஆண்டே தொடங்க வேண்டிய வேலை இது.

பணத்துக்கும் நாள் உண்டு. ஜெர்மனியின் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை. ஆயினும், பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலத்தில் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர் பருவத்துக்கு 1,500 யூரோ செலுத்த வேண்டும். எங்கு படித்தாலும், ஓராண்டு வாழ்க்கைச் செலவை விசாவுக்கு முன்பே 'பிளாக்டு அக்கவுண்ட்' எனப்படும் கணக்கில் கட்டிக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பரில் இத்தொகை 11,904 யூரோ என உயர்த்தப்பட்டது. நம் பணத்தில் பத்து லட்சத்துக்கு மேல். அங்கே சென்றபின் இதை மாதாமாதம் பிரித்து எடுத்துச் செலவிடலாம். கடன் வாங்கும் குடும்பத்துக்கு வில்லங்கச் சான்று, சொத்து மதிப்பீடு, வங்கியின் ஒப்புதல் என்று மாதங்கள் ஓடிவிடும். விசா நாள் நெருங்கியபின் வங்கி வாசலில் நின்று பயனில்லை.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் புறப்பட்டுவிடலாம் என்று எண்ணும் மாணவிகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நம் மேல்நிலைச் சான்றிதழை மட்டும் கொண்டு ஜெர்மனியில் நேரே இளங்கலையில் சேர்வது பொதுவாக இயலாது. இங்கே அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகத்தில் அதே துறையில் ஓராண்டாவது தேறியிருக்க வேண்டும், அல்லது ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தேர்வில் வென்றிருக்க வேண்டும்; அல்லது அங்கே ஸ்டூடியன்கொல்லெக் என்னும் ஆயத்த வகுப்பில் ஓராண்டு படிக்க வேண்டும். இளங்கலைப் பாடங்கள் பெரும்பாலும் ஜெர்மன் மொழியில்தான். ஆகவே, பட்டத்தை இங்கே முடித்து, முதுகலைக்கு அங்கே செல்வதே நம் மாணவிகளில் பலருக்கும் ஏற்ற வழி என்பேன்.

நம் வட்டாரத்துக்கு ஏற்ற படிப்புகளும் அங்கே இல்லாமலில்லை. 1855-ல் நெசவுப் பள்ளியாகத் தொடங்கிய ராய்ட்லிங்கன், மோன்ஷன்கிளாட்பாக் நகரில் துணித் துறையை நடத்தும் நீடர்ரைன், சுவீடனின் போராஸ், பெல்ஜியத்தின் கெண்ட் ஆகிய இடங்களில் நூலும் துணியும் பாடமாகவே கற்பிக்கப்படுகின்றன. தறிக்காரர் மகள் அங்கே அந்நியமாக உணர வேண்டியதில்லை.

பெண்ணுக்கு ஓராண்டு என்பது எவ்வளவு?

இனி நான் சொல்ல வந்த முக்கியமான செய்திக்கு வருகிறேன். ஒரு பையன் நாளைத் தவறவிட்டால் என்ன ஆகும்? ஓராண்டு அப்பாவின் கம்பெனியில் கணக்குப் பார்த்துக்கொண்டு, அடுத்த ஆண்டு விண்ணப்பிப்பான். ஒரு பெண் தவறவிட்டால்? "சும்மாதானே இருக்கிறாள்" என்று வீட்டில் ஜாதகத்தை எடுத்துவிடுவார்கள். நல்ல இடம் வந்தால் தள்ள மனம் வராது. ஆகவே, பையனுக்கு ஓராண்டாக இருக்கும் இழப்பு பெண்ணுக்கு வாழ்நாள் இழப்பாகிவிடுகிறது. திருமணம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. படிப்புக்கு நாள் குறித்த வீட்டில் திருமணத்துக்கும் தெளிவாக நாள் குறிக்க முடியும். படிப்புக்கு நாள் குறிக்காத வீட்டில் அந்த இடைவெளிக்குள் வேறொன்று வந்து புகுந்துவிடும், அவ்வளவே.

அன்னா மணி அம்மையாரின் வரலாற்றை நம் மாணவிகள் அறிந்திருக்க வேண்டும். பீர்மேட்டில் 1918-ல் பிறந்த இவர், எட்டாவது பிறந்த நாளில் வீட்டார் வழக்கப்படி தர முன்வந்த வைரத் தோட்டை மறுத்து, கலைக்களஞ்சியம் கேட்டு வாங்கியவர் என்பார்கள். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, பெங்களூரில் சர் சி. வி. ராமனிடம் ஆய்வு செய்தார். 1945-ல் ஆய்வேட்டைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் அளித்தபோது, முதுகலைப் பட்டம் இல்லை என்ற காரணத்தால் முனைவர் பட்டம் மறுக்கப்பட்டது. ஆய்வில் குறையில்லை, ஒரு சான்றிதழ் குறைந்தது. அதே ஆண்டு அவர் லண்டன் இம்பீரியல் கல்லூரிக்குச் சென்றார். இயற்பியல் படிக்க விரும்பிய அவருக்கு, வானிலைக் கருவிகளைப் பற்றிப் படிக்கவே வாய்ப்புக் கிடைத்தது. அதைக் கைவிடாமல் பற்றிக்கொண்டார். 1948-ல் திரும்பி வந்து, இந்திய வானிலைத் துறையில் நம் நாட்டுக்கு வேண்டிய கருவிகளை நம் நாட்டிலேயே செய்யும் பணியை முன்னின்று நடத்தினார். அறிவு எவ்வளவு இருந்தாலும் காகிதம் ஒன்று குறைந்தால் பட்டம் நிற்கும் என்பதும், வந்த வாய்ப்புக்கு ஆயத்தமாக இருப்பவரே பயன் பெறுவர் என்பதும் அவர் வாழ்க்கையிலிருந்து நாம் கற்கும் பாடங்கள்.

வீடும் பள்ளியும் செய்ய வேண்டியவை

முதலாவது, பெயர். நம் சான்றிதழில் பெயருக்கு முன் இனிஷியல் மட்டும் இருக்கும். பாஸ்போர்ட்டிலோ தந்தை பெயர் விரிவாக வந்துவிடும். பிறப்புச் சான்றிதழில் வேறு எழுத்து. இந்த மூன்றும் ஒத்துப்போகாவிட்டால் வெளிநாட்டு அலுவலகத்தில் இவள் ஒருத்தியா மூவரா என்ற ஐயம் எழும். பத்தாம் வகுப்புப் பெயர்ப் பட்டியல் அனுப்பும் முன்பே பெற்றோர் பள்ளிக்கு வந்து ஒருமுறை சரிபார்த்துவிட்டால் பின்னால் அலைச்சல் இல்லை.

இரண்டாவது, பாஸ்போர்ட். பன்னிரண்டாம் வகுப்பு முடிந்த விடுமுறையிலேயே எடுத்துவிடலாம். வெளிநாடு போகாவிட்டாலும் அது நட்டமில்லை.

மூன்றாவது, கல்லூரியில் அரியர் வைக்காதிருத்தல். ஒரு தாள் நின்றால் பட்டம் ஆறு மாதம் தள்ளும். சேர்க்கையோ ஓராண்டு தள்ளும். மூன்றாண்டுப் பட்டத்தைச் சில பல்கலைக்கழகங்கள் போதுமானதாகக் கொள்வதில்லை. எனவே, தாம் விரும்பும் படிப்பின் விதியைக் கல்லூரி முதலாண்டிலேயே பார்த்துவிட வேண்டும்.

நான்காவது, ஏஜெண்டை மட்டும் நம்பாதிருத்தல். உதவி பெறுவது தவறன்று. ஆனால் கடைசித் தேதியைப் பல்கலைக்கழகத்தின் சொந்த அறிவிப்பில் மகளும் தந்தையும் சேர்ந்து பார்க்க வேண்டும். தேதிகள் ஆண்டுதோறும் மாறக்கூடியவை. சென்ற ஆண்டு போன அக்கா சொன்னது இந்த ஆண்டு செல்லாது.

பள்ளிக்கும் ஒரு வேண்டுகோள். பதினோராம் வகுப்பு வாசலில் ஒரு கரும்பலகை வைத்து, உதவித்தொகைகளும் நுழைவுத் தேர்வுகளும் எந்த மாதத்தில் என்று எழுதி வைக்கலாம். பெற்றோர் கூட்டத்தில் மதிப்பெண்ணைப் பற்றிப் பேசும் அரைமணி நேரத்தில் ஐந்து நிமிடம் நாள்களைப் பற்றிப் பேசலாம். ஓயாது உழைக்கும் நம் அருட்சகோதரிகளுக்கு இது பெரும் பாரமாகாது.

"ஐரோப்பாவுக்குப் போனால்தான் படிப்பா?" என்று சிலர் கேட்கலாம். இல்லை. கோவையிலும் திருப்பூரிலும் நல்ல கல்லூரிகள் உள்ளன. ஊரில் படித்து உயர்ந்தவர் ஏராளம். ஆனால் போகாமல் இருப்பது நாமே தேர்ந்த முடிவாக இருக்கட்டும். தேதி தெரியாததால் நேர்ந்த முடிவாக இருக்க வேண்டாம். முன்னதை எண்ணிப் பின்னாளில் மனம் அமைதி கொள்ளும். பின்னதை எண்ணி வருந்தும்.

மாணவிகளே, உங்கள் வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரில் முகூர்த்த நாள்களெல்லாம் முன்பே அச்சாகியிருக்கின்றன. உங்கள் கல்வியின் நாளை யாரும் அச்சிட்டுத் தர மாட்டார்கள். பேனாவை எடுத்து நீங்களே குறித்து, அதைப் பெற்றோரிடம் காட்டுங்கள். பெற்றோரே, மகள் குறித்த நாளுக்கும் ஒரு மரியாதை கொடுங்கள்.