களஞ்சியம் நிறைந்திருந்தும் கவிழ்ந்த அரசு

கஜானா காலியாகி வீழ்ந்த பேரரசுகள் வரலாற்றில் ஏராளம். சீனாவின் சுயி வம்சத்தை அந்த வரிசையில் சேர்க்க முடியாது. கி.பி. 581இல் தொடங்கி 618இல் முடிந்த அந்த ஆட்சி கவிழ்ந்தபோது, அதன் களஞ்சியங்களில் பல ஆண்டுகளுக்குப் போதுமான தானியம் குவிந்துகிடந்தது. கடைசி நேரத்துப் பொம்மை அரசர்களை விட்டுவிட்டால், ஆண்டவர்கள் தந்தையும் மகனுமாக இரண்டே பேர். மகன் யாங்கின் ஆடம்பரமும் கொடுமையும்தான் வம்சத்தை அழித்தன என்பது சீனத்தில் வழிவழியாகச் சொல்லப்படும் விளக்கம். அது பாதி உண்மைதான். மக்களிடமிருந்து தானியத்தையும் உழைப்பையும் எடுக்கும் திறனை அந்த அரசு அபாரமாக வளர்த்துக்கொண்டது. எங்கே நிறுத்த வேண்டும் என்று சொல்லும் ஏற்பாட்டை வளர்த்துக்கொள்ளவில்லை. வீழ்ச்சியின் வேர் அங்கேதான் இருக்கிறது.

தந்தை வென் கட்டியெழுப்பியது சாதாரண அரசு அல்ல. வட சோவ் வம்சத்தின் சிறுவயது அரசனிடமிருந்து அரியணையைப் பறித்த அவர், 589இல் தெற்கின் சென் அரசை வென்று, ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள் பிளவுண்டு கிடந்த நாட்டை ஒன்றாக்கினார். சட்டத் தொகுப்பைச் சுருக்கினார். குலப்பெருமை பார்த்துப் பதவி தரும் பழைய தரவரிசை முறையை ஒழித்தார். பதிவேட்டுக்குள் வராமல் பெருநிலக்காரர்களின் நிழலில் ஒதுங்கியிருந்த குடும்பங்களைத் தேடிப் பதிந்தார். 609ஆம் ஆண்டுக் கணக்கில் சுமார் 89 லட்சம் குடும்பங்கள், 4.6 கோடி மக்கள். இந்தப் பதிவேடுதான் வரிக்கும் படைக்கும் கட்டாய உழைப்புக்கும் அடிப்படை. வளர்ந்த ஆண் ஒருவர் ஆண்டுக்கு 20 நாள் அரசுக்கு உழைத்தால் போதும் என்று 583இல் வென்னே வரம்பு விதித்திருந்தார். ஆனால், அதை மீறும் அரசனைத் தட்டிக்கேட்க எந்த ஏற்பாடும் இல்லை.

604இல் அரியணையேறிய யாங் அந்த வரம்பைப் பொருட்படுத்தவே இல்லை. 605இல் லோயாங்கில் புதிய தலைநகரும், அதை யாங்சி ஆற்றுத் திசையோடு இணைக்கும் கால்வாயும் ஒரே நேரத்தில் தொடங்கின. 608இல் வடக்கு நோக்கி இன்னொரு கால்வாய். ஆண்கள் போதாமல் பெண்களும் வேலைக்கு இழுக்கப்பட்டார்கள். 610இல் தெற்குக் கால்வாய். மூச்சுவிட இடம் தராமல் 612இல் கொரிய அரசான கோகுர்யோ மீது போர். படைவீரர் 11 லட்சத்துக்கும் மேல், உணவு சுமந்தவர்கள் அதைப்போல இருமடங்கு என்கிறது சுயி வரலாற்று நூல். ஆற்றைக் கடந்து உள்ளே போன மூன்று லட்சம் பேரில் திரும்பியவர்கள் சில ஆயிரமே என்றும் அது சொல்கிறது. 613இலும் 614இலும் மறுபடியும் படையெடுப்பு. 611இல் மஞ்சளாற்று வெள்ளத்தில் மூழ்கிய ஷாண்டோங் பகுதியின் தலையில்தான் போர்ச் சுமையும் விழுந்தது. முதல் கலகம் அங்கேதான் வெடித்தது. 613இல் படைக்குத் தானியம் அனுப்பும் பொறுப்பிலிருந்த யாங் சுவான்கானே கலகக்கொடி தூக்கினார். 617இல் லி மி என்ற கலகத் தலைவர் லோயாங் அருகிலிருந்த லோகோவ் களஞ்சியத்தைப் பிடித்துக் கதவுகளைத் திறந்துவிட்டார். பசித்த மக்கள் அவர் பக்கம் திரண்டார்கள். அரசு சேர்த்த தானியம் அரசின் எதிரிகளை வளர்த்தது.

இதெல்லாம் ஒரு தனிமனிதனின் வெறி, நல்ல அரசன் அமைந்திருந்தால் நடந்திருக்காது என்று வாதிடலாம். சிக்கனத்துக்குப் பெயர்போன வென்னின் ஆட்சியிலேயே அதற்குப் பதில் இருக்கிறது. 594இல் வறட்சி வந்தபோது, நிறைந்திருந்த களஞ்சியங்களைத் திறக்காமல், பிழைப்பு தேடி லோயாங் பக்கம் போகும்படி அவர் மக்களை அனுப்பினார். கோகுர்யோ மீதான முதல் படையெடுப்பும் 598இல் அவர் தொடுத்ததுதான். அதை எதிர்த்துப் பேசிய மூத்த அமைச்சர் காவ் ஜியோங்கை, 607இல், அரசை விமர்சித்தார் என்று யாங் கொன்றார். பிறகு உண்மை பேச யார் துணிவார்கள்? கலகச் செய்திகளை மறைத்த அமைச்சர் யூ ஷிஜி செல்வாக்கோடு இருந்தார். 616இல் அரசன் தெற்கே ஜியாங்டுவுக்குப் போகக் கூடாது என்று மனு கொடுத்தவர்கள் உயிரிழந்தார்கள். அங்கேயே 618இல் சொந்தக் காவல்படையின் கையால் யாங் மாண்டார்.

அடுத்து வந்த தாங் வம்சத்தார் எழுதிய வரலாற்றை நம்பலாமா என்பது நியாயமான கேள்வி. தோற்றவனை அரக்கனாக்குவது வென்றவனுக்கு வசதி. படை எண்ணிக்கைகளை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. ஆனால், கால்வாய்கள் கண்ணெதிரே இருக்கின்றன. லோயாங் அகழாய்வில் ஹுயிலோ களஞ்சியத்தின் நூற்றுக்கணக்கான தானியக் குழிகள் வெளிப்பட்டிருக்கின்றன. எண்களைப் பாதியாகக் குறைத்தாலும், ஆறே ஆண்டில் இத்தனை வேலையையும் உடனே மூன்று போர்களையும் ஒரே மக்கள்மீது ஏற்றியது மாறாது. அந்தக் கால்வாய்தானே பிற்காலச் சீனத்தை ஒன்றாகக் கட்டியது, 2014இல் உலகப் பாரம்பரியச் சின்னமானது என்று கேட்போரும் உண்டு. உண்மைதான். இருபது ஆண்டில் வெட்டியிருந்தாலும் அதே பயன் கிடைத்திருக்கும். பிற்காலத்தார் பெற்ற நன்மையைக் காட்டி அன்றைய அவசரத்தை நியாயப்படுத்த முடியாது.

தாங் அரசு சுயியின் சட்டம், தேர்வுமுறை, நிலப்பங்கீடு, கால்வாய் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டே ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள் நிலைத்தது. ஆகவே கருவிகள்மீது பழிபோட வழியில்லை. தாங் அரசர் தாய்சோங்கும் 645இல் அதே கோகுர்யோ மீது படையெடுத்துத் தோற்றார். ஆனால் அவர் படை சுமார் ஒரு லட்சம்தான். குளிர் வந்ததும் திரும்பினார். அதன்பின் அவர் காலத்தில் அங்கே நடந்தவை சிறு தாக்குதல்களே. தன் அமைச்சராக இருந்த வெய் செங் உயிரோடிருந்தால் தன்னைத் தடுத்திருப்பார் என்று அவர் வருந்தியதாகப் பதிவு இருக்கிறது. முன்பு லி மியின் முகாமில் இருந்தவர், பின்னர் சுயி வரலாற்றைத் தொகுக்கும் பணியை நடத்தியவர், அரசன் முகத்துக்கு நேரே குறை சொல்லியும் பதவியில் நீடித்தவர் அந்த வெய் செங். வேகமாக முடிவெடுத்துப் பிரம்மாண்டமாகக் கட்டும் அரசுகளை வியப்பவர்கள் அவற்றின் சாதனைப் பட்டியலோடு இன்னொன்றையும் கேட்டுப் பார்க்க வேண்டும்: 'போதும்' என்று சொன்னவருக்கு அங்கே என்ன நேர்ந்தது? சுயி எவ்வளவு நாள் தாங்கும் என்பது, காவ் ஜியோங் கொல்லப்பட்ட 607இலேயே, அந்தக் கேள்விக்கான பதிலில் தெரிந்துவிட்டது.